தாழ்வாரத்தில் 11 துளைகள்: அணைக்கட்டுப் பக்கத்து வீடொன்றில் கருவண்டோடு ஒரு வருடம்

மாசிக் கடைசியில் ஒரு நாள் காலை அக்காவிடமிருந்து போன். "டேய், தாழ்வாரத்துல கதண்டு வந்து கூடு கட்டிடுச்சுடா. புள்ளைங்க வெளிய வரவே பயப்படுதுங்க. மாமா கிருஷ்ணாயில் வாங்கி வெச்சிருக்காரு, ஊத்திடலாமா?"

கதண்டு என்றால் எங்கள் பக்கத்தில் விளையாட்டில்லை. கூட்டமாகக் கிளம்பிக் கொட்டினால் ஆளையே சாய்த்துவிடும். ஆனால் அக்கா சொன்னதில் ஏதோ இடித்தது. கூடு தொங்குகிறதா என்று கேட்டேன்.

"தொங்கல. மரத்துலயே ஓட்டை போட்டிருக்கு. சுண்டு விரல் நுழையும்."

"கீழ தூள் கொட்டுதா?"

"தினம் பெருக்கறேனே. ரவை மாதிரி."

"அக்கா, அது கதண்டு இல்ல, கருவண்டு. கிருஷ்ணாயில ஓரமா வை. சனிக்கிழம வரேன்."

சனிக்கிழமை நான் போய்ச் சேர்வதற்குள் மாமா மூன்று துளைகளில் ஊற்றி, மேலே சிமெண்டும் பூசி முடித்திருந்தார்.

நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிறவன். பூச்சி ஆராய்ச்சியாளன் இல்லை. அந்தச் சனிக்கிழமையிலிருந்து அடுத்த மாசி வரை அந்த வீட்டில் நடந்ததை ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்து வைத்தேன். அதிலிருந்து எழுதுகிறேன். நான் செய்த தப்புகளும் இதில் உண்டு.

வீடும் மரமும்

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்கிற ஊரிலிருந்து ஒடுகத்தூர் போகும் சாலையில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய கிராமம். வீட்டின் பழைய பகுதி நாட்டு ஓடு, பனங்கை. நான்கு வருடத்துக்கு முன் முன்பக்கம் இறக்கிக் கட்டிய தாழ்வாரத்துக்கு மட்டும் சீமை ஓடு போட்டு, மலைவேம்புச் சட்டங்கள் வைத்தார்கள். விலை குறைவு, நேராக இருக்கும், ஆசாரிக்கு இழைக்கவும் சுலபம். அந்தச் சுலபம் வண்டுக்கும் சுலபம்தான்.

ஏணி போட்டு ஏறி எண்ணினேன். மாமா அடைத்ததையும் சேர்த்து 11 துளைகள். ஒன்றுகூட பனங்கையில் இல்லை. ஒன்பது துளைகள் முகப்புப் பலகையின் பின்பக்கத்தில். இரண்டு துளைகள், சட்டங்களை அறுத்துவிட்ட முனைகளில். பலகையின் முன்பக்கம் பளபளவென்று காப்பிப்பொடி நிற எனாமல் பெயிண்ட். பின்பக்கம் வெறும் மரம், நான்கு கோடை வெயிலில் காய்ந்து வெளுத்துப் போயிருந்தது. பெயிண்டர் தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற பக்கத்துக்குத்தான் அடித்திருந்தார். வண்டு தெருவிலிருந்து பார்ப்பதில்லை.

மரத்தைத் துளைப்பதில் யார் யார் என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். செல், அதாவது கறையான், அரித்தால் மண் தடம் இருக்கும், மரம் உள்ளே கோது கோதாகிவிடும். உளுத்த மரத்தில் ஊசி முனை அளவு துளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். முகப்பவுடர் போல மாவு உதிரும். கருவண்டின் துளை ஒரு செண்டிமீட்டருக்குச் சற்று மேல் அகலம், டிரில்லிங் மெஷின் போட்டதுபோல் வட்டம், கீழே கொரகொரப்பான தூள். அதற்குக் கீழே சுவரில் மஞ்சள் பழுப்பாகக் கோடு கோடாக வடிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அது வண்டின் எச்சம். பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் என்பதால், மரம் போவதைவிட அந்தக் கறைதான் அக்காவை அதிகம் எரிச்சல்படுத்தியது.

தச்சுத் தேனீ என்று பாடப் புத்தகத்துத் தமிழில் சொல்லலாம். சைலோகோபா என்ற அறிவியல் பெயரும் மரம் வெட்டுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்ததுதான். ஆனால் எங்கள் ஊரில் யாரும் அதைத் தேனீ என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கருவண்டுதான். சரி, நானும் அப்படியே சொல்கிறேன். இது மரத்தைத் தின்பதில்லை. கடித்துத் துப்பிவிட்டு, உள்ளே பிள்ளை வளர்க்க அறை கட்டிக்கொள்கிறது. தின்பது பூந்தேனும் மகரந்தமும்.

பயத்தின் கணக்கு

அக்காவின் மாமியாருக்கு, எனக்கு அத்தை, வேறொரு பயம். "வண்டு ஒடம்புல பட்டா வண்டுக்கடி வரும்" என்று பேரப்பிள்ளைகளுக்குத் தினமும் வேப்பிலை அரைத்துப் பூசிக்கொண்டிருந்தார். வண்டுக்கடி என்று நாம் சொல்கிற வட்டமான அரிப்பு பெரும்பாலும் பூஞ்சையால் வருவது, வண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றேன். "நீ படிச்சவன், அப்படித்தான் சொல்லுவ" என்றார். வேப்பிலையால் கெடுதல் ஒன்றும் இல்லை என்பதால் அதோடு விட்டுவிட்டேன்.

பிள்ளைகளைத் துரத்தியது எது என்று பார்த்தால், உடம்பெல்லாம் கடுகு மஞ்சள் ரோமத்தோடு முகத்துக்கு நேரே வந்து அந்தரத்தில் நின்று ரீங்காரம் போடுகிற ஒன்று. அது ஆண். அதற்குக் கொடுக்கே கிடையாது. அந்த இடம் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு காக்கா, பிள்ளை, மாமாவின் டிவிஎஸ் என்று எது வந்தாலும் எதிர்கொள்ளும். துளை போடுவதும் அது இல்லை. துளை போடும் பெண் கருப்பு, மார்பில் மட்டும் மஞ்சள் துண்டு போர்த்தியதுபோல் இருக்கும். அதற்குக் கொடுக்கு உண்டு, தேவைப்பட்டால் ஒருமுறைக்கு மேலும் கொட்ட முடியும். ஆனால் கையில் பிடித்து நசுக்கினாலொழிய அது நம் பக்கம் திரும்புவதேயில்லை. கொட்ட முடியாதது துரத்துகிறது, கொட்டக்கூடியது கண்டுகொள்ளாமல் போகிறது. வீட்டில் இதைப் புரியவைக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

அதற்குள் அக்காவின் சின்னவன் கொசு பேட்டால் இரண்டை வீழ்த்திவிட்டான். ஒன்று மஞ்சள், ஒன்று கருப்பு. கருப்பை எடுத்து லென்ஸில் வைத்துப் பார்த்தேன். வயிற்றின் முன்பகுதியில், மார்பை ஒட்டிய இடத்தில் ஒரு சின்னப் பை. அதற்குள் வெளிறிய பழுப்பில் உண்ணிகள், அடைத்துவைத்த எள் மாதிரி. அக்கா முட்டை என்றாள். முட்டையில்லை. கருவண்டின் சில இனங்களில் பெண்ணின் உடம்பிலேயே இந்த உண்ணிகளுக்கென்று ஒரு அறை உண்டு. தாய் கூடு மாறினால் அவையும் கூடவே போய்விடும். வண்டுக்கு அவற்றால் தீங்கில்லை என்றே கருதப்படுகிறது. சின்னவன் அன்றோடு பேட்டைக் கீழே வைத்தான். பாவம் பார்த்தா, அருவருப்பிலா, தெரியவில்லை.

கிருஷ்ணாயில் என்ன செய்தது

மாமா ஊற்றிய மூன்றில் ஒன்றிலிருந்து ஒரு பெண் வண்டு விழுந்து செத்தது. மற்ற இரண்டிலும் எதுவும் வெளியே வரவில்லை. தீர்ந்தது என்று நினைத்தார். நான்காம் நாள் சிமெண்டுக்கு இரண்டு அங்குலம் தள்ளிப் புதுத் துளை. ஒரு வாரத்தில் இன்னொன்று.

நியாயம்தான். உள்ளே இருக்கும் வண்டு மரத்தையே கடித்துத் துளைக்கிற தாடை உள்ளது. வாசலை அடைத்தால் பக்கவாட்டில் கதவு வைத்துக்கொள்ளும். எண்ணெய் சுரங்கத்தின் கடைசி அறை வரைக்கும் போவதுமில்லை, ஏன் என்று கீழே சொல்கிறேன். அதைவிட முக்கியமான விஷயம், தாழ்வாரத்தின் கோடியில்தான் வெந்நீர் அடுப்பு. தலைக்கு மேலே கிருஷ்ணாயில் ஊறிய பலகை, கீழே தென்னமட்டை நெருப்பு. இதைச் சொன்னதும் அத்தை மாமாவைப் பார்த்த பார்வையில், அப்புறம் அவர் அந்த கேனைத் தொடவே இல்லை.

பூச்சி மருந்துப் பவுடர் ஊதலாமே என்று பக்கத்து நிலத்துக்காரர் யோசனை சொன்னார். வேலை செய்யும். ஆனால் பலகைக்கு நேர் கீழேதான் அத்தை பகலெல்லாம் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்கிறார். வேண்டாம் என்றேன். நாப்தலீன் உருண்டை, ஊதுபத்தி, வேப்பெண்ணெய் எல்லாம் அக்கா போட்டுப் பார்த்தாள். வாசனை இருக்கிற இரண்டு நாள் வண்டு கொஞ்சம் தயங்கியது, மூன்றாம் நாள் பழையபடி.

பலகையை அறுத்துப் பார்த்தோம்

முகப்புப் பலகையின் ஒரு கோடியில் துளைகள் நெருக்கமாக இருந்தன. அந்த மூன்றடியை எப்படியும் மாற்ற வேண்டியதுதான் என்று ஆசாரி சொன்னார். ஓடு பிரிக்க வந்த ஆசாரியிடம், அறுத்து எறியாமல் நீளவாக்கில் பிளந்து காட்டச் சொன்னேன். "எதுக்கு சார் இது?" என்று சிரித்துக்கொண்டே உளி வைத்தார்.

துளை நேராக ஒரு விரல்கணு ஆழம்தான் போகிறது. அங்கே செங்கோணமாகத் திரும்பி, மர நரம்போடு ஓடுகிறது. ஒரே வாசலிலிருந்து மூன்று கிளை. நீளமானதை டேப்பால் அளந்தோம், 22 செ.மீ. உட்சுவர் உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்ததுபோல் வழவழப்பு. ஆசாரி விரலை விட்டுத் தடவிப் பார்த்து, "நம்ம கைல இந்த ஃபினிஷிங் வராது" என்றார்.

சுரங்கத்துக்குள் வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறைக்கும் நடுவே தூளை எச்சிலில் குழைத்துச் செய்த தடுப்பு, ஒரு பக்கம் வழுக்கலாகவும் மறுபக்கம் சங்குச் சுருள்போல் வட்டம் வட்டமாகவும். கிருஷ்ணாயில் உள்ளே போகாமல் நின்றது இந்தத் தடுப்பில்தான். ஒரு அறையில் மஞ்சள் உருண்டை, மகரந்தத்தைத் தேனில் பிசைந்தது, பொரிவிளங்காய் உருண்டை மாதிரி கெட்டியாக. அதன் மேல் ஒரு முட்டை, வளைந்த வெள்ளை அரிசிபோல், பூச்சி முட்டைக்கு நம்ப முடியாத அளவு பெரிது. அடுத்த அறையில் கொழுத்த புழு, அதற்கடுத்ததில் கண் மட்டும் கருத்த கூட்டுப்புழு. கோடியில் மினுமினுக்கும் புது வண்டு ஒன்று, இறக்கை இன்னும் விறைக்காமல். முட்டையிலிருந்து வண்டாக இந்த வெயிலில் ஏறக்குறைய ஒன்றரை மாதம். வெளிவந்தாலும் உடனே பறந்துவிடாது, சில வாரம் தாயோடு அதே கூட்டில் இருக்கும். பெண் பிள்ளைகளில் சில அங்கேயே தங்கி, தாய் பூவுக்குப் போகும்போது வாசலில் காவல் இருப்பதும் உண்டு. இரவில் டார்ச் அடித்தால் துளையை ஒரு கருத்த முகம் அடைத்துக்கொண்டு இருந்ததற்கு அதுதான் காரணம்.

ஒரு வண்டு ஒரு துளை போட்டால் சட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. அதே துளையைத் தாயும் மகளும் வருடா வருடம் நீட்டிக்கொண்டே போவதில்தான் ஆபத்து. எங்கள் பலகை நான்கு வருடத்தில் அந்த நிலைக்குப் போய்விட்டது. சட்டங்கள் தப்பின. ஆசாரி சுத்தியால் தட்டியே சொல்லிவிட்டார்.

கத்திரித் தோட்டம்

இதெல்லாம் நடக்கும்போது மாமா, "இவ்ளோ பாடு எதுக்கு மச்சான், எல்லாத்தையும் கொன்னுட்டா முடிஞ்சுது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பங்குனியில் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு அவரைக் கொல்லையில் இருக்கும் கத்திரித் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். 50 செண்டில் முள்ளு கத்திரி. அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளு கத்திரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு மாமாவுக்கு அதில் தனிப் பெருமை.

கத்திரிப்பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டும்தான், அதுவும் உப்பு டப்பாவின் மூடிபோல் மகரந்தப் பையின் நுனித் துளைக்குள். குலுக்கினால்தான் கொட்டும். பெண் வண்டு வந்து பூவைக் கட்டிப்பிடித்தது. இறக்கையை மடக்கிக்கொண்டு, பறக்கும் தசையை மட்டும் அதிரவிட்டது. பறக்கும்போது இருந்த அடித்தொண்டைச் சத்தம் சட்டென்று மாறி, ஒரு கீச்சுக் குரல். வயிற்றில் மஞ்சள் மாவு கொட்டியது. பக்கத்திலேயே கொசுத்தேனீக்களும் அடுக்குத்தேனீக்களும் பறந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு இந்த வித்தை தெரியாது. கத்திரி காற்றிலும் தானாகவே காய்க்கும், அதனால் வண்டு இல்லாவிட்டால் காயே இல்லை என்று மிகைப்படுத்த மாட்டேன். ஆனால் குலுக்க ஆள் இருந்தால் பிடிப்பு கூடும். வேலியோரத்து ஆவாரைக்கும் இதே குலுக்கல்தான். எருக்கம்பூவுக்கும் முருங்கைப்பூவுக்கும்கூட முக்கிய விருந்தாளி கருவண்டு.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுவாரத்திலிருந்து தண்டுத்துளைப்பானுக்கு மருந்தடிப்பதைக் காலையிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மாற்றிக்கொண்டார். கேட்டால், "வெயில்" என்றார்.

ஆடியில் செய்த வேலை

அவசரப்படாமல் ஆடி வரை காத்திருந்தோம். ஒவ்வொரு துளையிலும் ராத்திரி ஈரமாக்கிய செய்தித்தாள் துண்டை ஒட்டிவிடுவேன், காலையில் பார்ப்பாள் அக்கா. கிழிந்திருந்தால் ஆள் இருக்கிறது. மூன்று நாள் தொடர்ந்து கிழியாமல் இருந்தால், அல்லது வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தால், காலி. நான் ஊரில் இல்லாத நாள்களில் சின்னவனே ஒட்டிவிட்டு எனக்குப் படம் அனுப்பினான்.

காலியானதை மட்டும் ஒவ்வொன்றாக அடைத்தோம். கொசு வலைக் கம்பியைக் கசக்கி உள்ளே திணித்து, அளவாகச் சீவிய மர ஆப்பை ஃபெவிகாலும் இழைப்புத் தூளும் கலந்து அடித்து இறக்கினார் ஆசாரி. வெறும் பட்டிப் பசை (putty) வைத்தால் வண்டின் தாடைக்கு ஒரு மணி நேர வேலை.

அடைத்தபின் பூச்சு. இங்கேதான் செலவு, ஆனால் பலன் முழுக்க இங்கேதான். பலகையைக் கழற்றி நான்கு பக்கமும், சட்ட முனைகளில் அறுத்த முகத்துக்கும், பிரைமர் ஒரு கை, எனாமல் இரண்டு கை. ஓட்டுக்கு அடியில் கண்ணுக்குப் படாத மரத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய். பழைய ஆசாரிகள் கைமரத்துக்கு அடிப்பதுதான். கையில் பட்டால் தோல் கொப்பளிக்கும், உறையில்லாமல் தொடக்கூடாது. ஆசாரி உறை போடவில்லை. ஒரு வாரம் மணிக்கட்டைக் காட்டிக்காட்டி என்னைத் திட்டினார்.

இரண்டு துளைகள் மட்டும் காலியாகவே இல்லை. அந்தப் பலகைத் துண்டுகளை இரவில் வாயில் துணி அடைத்து, அப்படியே அறுத்தெடுத்து, நாற்பதடி தள்ளிப் பழைய மாட்டுக் கொட்டகையின் எரவாணத்தில் கட்டினோம். விடிந்ததும் துணியை எடுத்தேன். ஒரு தாய் வெளியே வந்து, துண்டுக்கு முகம் காட்டியபடி வட்டம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பறந்து இடத்தை மனதில் வாங்கிக்கொண்டது. அது தங்கிவிட்டது. இன்னொன்று நேராகப் பழைய இடத்துக்கே போனது. பலகை இருந்த உயரத்தில், வெறும் காற்றில், இரண்டு நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காணோம். அந்தக் கூட்டின் பிள்ளைகள் என்னவாயின என்று பிளந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

கூடவே ஒரு கட்டு மூங்கில். ஒரு பக்கம் கணு மூடி, மறுபக்கம் திறந்து, உள்வாய் ஒன்றரை செ.மீ. இருக்கும்படி அறுத்த 12 துண்டுகள். முதலில் அவற்றை வேலியில், மேற்கு வெயிலில், நட்டுக்குத்தலாகக் கட்டினேன். ஒன்றுகூட வரவில்லை. ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கி ஊசிப்போனதுதான் மிச்சம். ஆசாரிதான், "மழை படாத எடத்துல படுக்கப் போடுங்க சார், நீங்க படுப்பீங்களா நின்னுக்கிட்டு?" என்றார். புதுசாக வெட்டி, கொட்டகை எரவாணத்தின் கீழே படுக்கவாட்டில் கட்டினோம். உளுத்துப்போன ஒரு கல்யாண முருங்கைக் கட்டையையும் விறகுக்கு விடாமல் அங்கேயே சாய்த்துவைத்தோம்.

அடுத்த மாசி

தாழ்வாரத்தில் புதுத் துளை எதுவும் இல்லை. தையிலேயே இரண்டு பெண் வண்டுகள் வந்து முகப்புப் பலகையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மோந்து பார்த்துவிட்டுப் போனதாக அக்கா சொன்னாள். சுவர் வெள்ளையாகவே இருக்கிறது. மூங்கிலில் ஐந்து துண்டுகளில் ஆள் வந்துவிட்டது. கல்யாண முருங்கைக் கட்டையில் நான்கு துளைகள். மஞ்சள் ஆண் ஒன்று இப்போது கொட்டகை வாசலைக் காவல் காக்கிறது. பசுவுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

ஒன்றே ஒன்றை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. கொட்டகை ஓரம் சாத்தியிருந்த பழைய மர ஏணி. பெயிண்ட் காணாதது, மழை படாத இடம், நன்றாகக் காய்ந்தது. மேலிருந்து மூன்றாம் படியின் அடிப்பக்கத்தில் இரண்டு துளைகள், கீழே ரவை. தேங்காய் பறிக்க எடுக்கப் போனபோது மாமாதான் பார்த்திருக்கிறார். எனக்குப் போன் செய்து, "ஏணிய இன்னா பண்றது மச்சான்?" என்று கேட்டார். செய்தித்தாள் ஒட்டிப் பார்க்கச் சொன்னேன். காலையில் கிழிந்திருந்தது.

குடியாத்தம் சந்தைக்குப் போன அன்று அலுமினிய ஏணி வாங்கி வந்துவிட்டார்.